ரோஜர்ஸ் பாஸ்: "காட்டுக்குள் போனால் பனிச்சரிவு பயமில்லை" என்பது உண்மையா?

கீழைக்காற்று | ஜனவரி 14, இரவு 9:12

வணக்கம். கால்கரியில் வசிக்கிறேன். லிஃப்ட் வைத்த ஸ்கீ மலைகளில் சில குளிர்காலங்களாகச் சறுக்கி வருகிறேன். கறுப்புத் தடங்களில் (கடினமானவை என்று குறித்தவை) இறங்குவதில் சிரமமில்லை. இந்தப் பிப்ரவரியில் அலுவலக நண்பர்கள் நால்வர் பிரிட்டிஷ் கொலம்பியாவில் உள்ள ரோஜர்ஸ் பாஸ் என்ற மலைக்கணவாய்க்குப் போகிறார்கள். என்னையும் கூப்பிடுகிறார்கள். அங்கே லிஃப்ட் கிடையாது. ஸ்கீயின் அடியில் ஸ்கின் என்ற வழுக்காத பட்டையை ஒட்டிக்கொண்டு நாமே ஏறி நாமே இறங்க வேண்டும். நால்வரில் இருவர் ஏ.எஸ்.டி. 1 என்ற இரண்டு நாள் பனிச்சரிவுப் பயிற்சி முடித்தவர்கள்.

"அன்றைக்குப் பனிச்சரிவு அபாய அளவு அதிகமாக இருந்தால் என்ன செய்வீர்கள்?" என்று கேட்டேன். "மொட்டை மலைக்குப் போக மாட்டோம், காட்டுக்குள்ளேயே சுற்றுவோம். மரங்கள் பனியைப் பிடித்து வைத்திருக்கும், அங்கே எதுவும் சரியாது" என்று நால்வரும் ஒரே குரலில் சொன்னார்கள். அந்த ஒரே குரல்தான் எனக்கு உறுத்துகிறது. போய்வந்தவர்கள் சொல்லுங்கள்: காடு உண்மையிலேயே பத்திரமா?

பொடிப்பனிப் பித்தன் | ஜனவரி 14, இரவு 10:03

உங்கள் நண்பர்கள் சொன்னதில் பெரும்பகுதி சரிதான்.

ரோஜர்ஸ் பாஸ் செல்கர்க் மலைகளில் 1,330 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. பசிபிக்கிலிருந்து வரும் ஈரக்காற்று அந்த மலைகளில் மோதிப் பனியைக் கொட்டும். சாலை மட்டத்திலேயே ஒரு குளிர்காலத்துக்கு ஏறக்குறைய 10 மீட்டர், மேலே இன்னும் அதிகம். புயல் வந்துவிட்டால் நாள்கணக்கில் நிற்காது. அந்த நேரத்தில் மரவரம்புக்கு (மரம் வளரும் உயர எல்லைக்கு) மேலே போனால் வானமும் தரையும் ஒரே வெள்ளை. காலடியில் மேடா பள்ளமா என்பதே தெரியாது. தலைசுற்றி உட்கார்ந்தவர்களைப் பார்த்திருக்கிறேன். காற்று வேறு ஒரு பக்கத்துப் பனியை வாரி மறுபக்கத்தில் பாளமாக அடுக்கி வைக்கும்.

காட்டுக்குள் இந்த இரண்டு தொல்லையும் குறைவு. கருப்பாகத் தண்டுகள் நிற்பதால் கண்ணுக்கு ஒரு பிடிமானம் இருக்கிறது. காற்று தணிந்திருக்கிறது. அசல்கன் பள்ளத்தாக்கில் 'ட்ரீ ட்ரையாங்கிள்' என்று முக்கோணமாக ஒரு காட்டுச் சரிவு உண்டு; வானிலை கெட்ட நாளில் உள்ளூர்க்காரர்களே அங்கேதான் போவார்கள். ஃபிர் மரங்களுக்கு நடுவே முழங்கால் ஆழப் பொடிப்பனியில் இறங்குவதைச் சொன்னால் புரியாது, செய்துதான் பார்க்க வேண்டும்.

இனி உங்களைப் பயமுறுத்த ஆட்கள் வருவார்கள். கேட்டுக்கொள்ளுங்கள், ஆனால் போய்வாருங்கள்.

செல்கர்க்வாசி | ஜனவரி 15, காலை 6:40

பயமுறுத்த வந்துவிட்டேன். ரெவல்ஸ்டோக்கில் இருக்கிறேன், பாஸ் எனக்கு 70 கிலோமீட்டர்.

மரம் பனியைப் பிடிக்கும் என்பது உண்மை. ஆனால் எந்த மரம்? நெருக்கமாக நிற்கும் முதிர்ந்த காட்டில், பொழியும் பனியில் நிறையப் பங்கு முதலில் கிளைகளில் தங்குகிறது. பிறகு கட்டி கட்டியாகத் தரையில் விழுகிறது. இப்படி விழுந்து விழுந்து தரைப்பனியின் அடுக்குகள் குலைந்துபோகின்றன. ஒரே சீராக விரிந்த பலவீனமான அடுக்கு அங்கே உருவாவது கடினம். தண்டுகளும் பனியை இடத்திலேயே நிறுத்துகின்றன. ஆனால் அவ்வளவு நெருக்கமான காட்டில் ஸ்கீயோடு ஒரு திருப்பம் போட முடியாது, முகத்தில் கிளை அடிக்கும். ஆகவே நாம் யாரும் அங்கே இறங்குவதில்லை. மரங்கள் விலகி நிற்கும் சரிவுகளைத்தான் தேடிப் போகிறோம். நீங்கள் நிம்மதியாகத் திரும்பித் திரும்பி இறங்கும் அளவுக்கு இடைவெளி இருந்தால், ஒரு பனிப்பாளம் உடைந்து இறங்கவும் அந்த இடைவெளி போதும்.

இதைவிடப் பெரிய சிக்கல் ஒன்று இருக்கிறது. மேகமில்லாத, காற்றில்லாத குளிர் இரவில் பனியின் மேற்பரப்பு தன் வெப்பத்தை வானத்துக்கு இழந்து, சுற்றியுள்ள காற்றைவிடக் குளிர்ந்துவிடும். காற்றின் ஈரம் அதன்மேல் நேரடியாகப் படிகமாக வளரும். இங்கே அதை சர்ஃபேஸ் ஹோர் என்பார்கள். காலையில் குனிந்து பார்த்தால் மெல்லிய இறகு வடிவங்கள் செங்குத்தாக நின்று மின்னும். சில வாரங்கள் வெயிலும் புயலும் இல்லாமல் போனால் விரல் நீளத்துக்குக்கூட வளர்ந்துவிடும். ஸ்கீ அதைத் தள்ளிக்கொண்டு போகும்போது கலகலவென்று உடையும் சத்தம் கேட்கும். எல்லோரும் நின்று படம் எடுப்பார்கள்.

அடுத்த புயலில் அதன்மேல் அரை மீட்டர் பனி விழுகிறது. இறகுகள் சாயாமல் அப்படியே புதைகின்றன. மேலே கனமான பாளம், கீழே நிற்பதற்குத் திராணியில்லாத ஒரு படலம். செல்கர்க் மலைகளில் இந்தப் படலம் வாரக்கணக்கில் ஆறாமல் கிடக்கும்.

இப்போது கவனியுங்கள். மேலே வெட்டவெளியில் வளர்ந்த இறகுகளைக் காற்று பெரும்பாலும் நொறுக்கிவிடுகிறது. அடர்ந்த காட்டில் கிளைக்கூரை வெப்பத்தைத் தடுத்துத் திருப்பி அனுப்புவதால் அவை சரியாக வளர்வதே இல்லை. காற்று புகாத, ஆனால் தலைக்கு மேலே வானம் தெரிகிற சிறு திறப்புகளில்தான் செழித்து வளர்கின்றன. மரவரம்பை ஒட்டியும் அதற்குக் கீழேயும் இருக்கிற, நாம் ஸ்கீ செய்ய ஆசைப்படுகிற அதே திறப்புகளில். மொட்டை மலை அமைதியாக இருக்க, காட்டுத் திறப்புகள் உடைந்து இறங்கும் வாரங்களை இங்கே இருக்கிற எவரும் பார்த்திருப்பார்கள்.

இன்னொன்று. இங்கே வெளியாகும் பனிச்சரிவு அறிக்கை மூன்று உயரங்களுக்குத் தனித்தனியாக அளவு சொல்லும்: மொட்டை மலை, மரவரம்பு, மரவரம்புக்குக் கீழே. மூன்றாவது வரியைக் 'காட்டுக்குள்' என்று படிக்கிறவர்கள் நிறையப் பேர். அது உயரத்தைக் குறிக்கிறதே தவிர மரத்தை அல்ல. அந்த உயரத்தில் பழைய பனிச்சரிவுத் தடங்கள், எரிந்த காடு, வெட்டப்பட்ட காடு எல்லாமே இருக்கின்றன.

பொடிப்பனிப் பித்தன் | ஜனவரி 15, காலை 8:15

அண்ணா, ஹோர் பற்றிச் சொன்னதை மறுக்கவில்லை. ஆனால் அறிக்கையில் அதைத் தெளிவாக எழுதுகிறார்களே! எந்தத் தேதியில் புதைந்தது, எத்தனை சென்டிமீட்டர் ஆழம், எந்த உயரத்தில், எந்தத் திசைச் சரிவில் என்று எல்லாம் இருக்கிறது. அந்தப் படலம் இல்லாத வாரத்தில் காடுதான் பத்திரமான தேர்வு. அது இருக்கிற வாரத்தில் சாய்வு குறைந்த சரிவுக்குப் போனால் போயிற்று. பாளச் சரிவுகள் பெரும்பாலும் 30 முதல் 45 பாகைச் சாய்வில்தான் உடைகின்றன. 25 பாகையில் மரங்களுக்கு நடுவே இறங்கினாலும் சந்தோஷம் குறையாது.

நீங்கள் சொல்வதைக் கேட்டால் புதிதாக வருகிறவர்கள் வீட்டிலேயே இருந்துவிடுவார்கள்.

செல்கர்க்வாசி | ஜனவரி 15, காலை 8:31

25 பாகை என்பதோடு முழுக்க உடன்படுகிறேன், ஆனால் தலைக்கு மேலே 38 பாகைச் சரிவு தொங்கவில்லை என்றால் மட்டும். அதைக் காட்டுக்குள் நின்று பார்க்க முடியாது. மேலே என்ன இருக்கிறது என்பதை மரமே மறைத்துவிடும். வரைபடத்தைப் பார்த்துவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும்.

மரங்களையும் கொஞ்சம் படிக்கலாம். மேட்டுப்பக்கத்துக் கிளைகள் முறிந்து, பள்ளப்பக்கத்துக் கிளைகள் மட்டும் மிஞ்சி நிற்கும் மரம் பனிச்சரிவில் அடிபட்ட மரம். ஒரே உயரத்தில் இளங்கன்றுகளாக நிற்கும் பட்டையைப் பார்த்தால், முன்பு அங்கே நின்ற காட்டை ஒரு பனிச்சரிவு கொண்டுபோயிருக்கிறது என்று பொருள். புதராக ஆல்டர் மண்டியிருந்தால் அடிக்கடி வந்துபோகும் தடம்.

ஆலங்கட்டி | ஜனவரி 15, மதியம் 1:20

வான்கூவரில் செவிலியராக இருக்கிறேன். இரண்டு பேரும் சரிவு வருமா வராதா என்று வாதாடுகிறீர்கள். காட்டில் வந்தால் என்ன ஆகும் என்பதை நான் சொல்கிறேன்.

பனிச்சரிவில் சாகிறவர்களில் பெரும்பாலோர் மூச்சுமுட்டித்தான் சாகிறார்கள் என்று படித்திருப்பீர்கள். மேற்குக் கனடாவில் 1984 முதல் 2005 வரை நேர்ந்த மரணங்களை மருத்துவர்கள் ஆராய்ந்தபோது, ஏறக்குறைய நான்கில் ஒருவர் அடிபட்டே இறந்திருந்தது தெரிந்தது. மரத்தில் மோதுவது அதில் முக்கியமானது. 2011இல் கனடாவையும் சுவிட்சர்லாந்தையும் ஒப்பிட்டு இன்னோர் ஆய்வு வந்தது. சுவிட்சர்லாந்தில் புதைந்தவர்களுக்கு முதல் 18 நிமிடம் வரை பிழைக்கும் வாய்ப்பு நன்றாக இருக்கிறது. கனடாவில் 10 நிமிடத்திலேயே அது சரியத் தொடங்குகிறது. அடிபடுவதும், இங்குள்ள பனி அடர்த்தியாக இறுகுவதும் காரணம். ஆகவே "பீக்கன் (புதைந்தவரைத் தேட உதவும் சமிக்ஞைக் கருவி) இருக்கிறது, கால் மணி நேரத்தில் தோண்டிவிடலாம்" என்ற பழைய கணக்கை இங்கே போடாதீர்கள்.

பனிச்சரிவே இல்லாமலும் காட்டில் சாகலாம். மரக்குழி பற்றி இதுவரை யாரும் பேசவில்லை. ஊசியிலை மரத்தின் தாழ்ந்த கிளைகள் குடையாகப் பனியைத் தாங்கிக்கொள்வதால், தண்டைச் சுற்றி உள்ளே பனி இறுகுவதில்லை. வெற்றிடமும் பொடியுமாக ஒரு குழி உண்டாகிறது. வெளியே பார்த்தால் சமதளம். அருகில் போய்த் தடுமாறினால் பெரும்பாலும் தலைகீழாக உள்ளே விழுவீர்கள். ஸ்கீ மேலே கிளையில் சிக்கும். நீங்கள் அசைய அசையக் கிளைப்பனி மேலே கொட்டும். வட அமெரிக்காவில் நடந்த இரண்டு சோதனைகளில் தன்னார்வலர்களை மரக்குழியில் இறக்கிப் பார்த்தார்கள். 90 சதவீதம் பேரால் தாமாக வெளியே வர முடியவில்லை.

அதனால் காட்டில் துணை என்பதற்கு அர்த்தமே வேறு. கீழே போய்க் காத்திருப்பவர் துணை இல்லை. அவர் மறுபடி மேலே ஏறி வருவதற்குள் எல்லாம் முடிந்துவிடும். இரண்டிரண்டு பேராக, ஒருவர் கண்ணில் ஒருவர் படும்படி, சிறு சிறு தூரமாக இறங்குங்கள். மரம் மறைத்தால் குரல் கொடுத்துக்கொண்டே இருங்கள். விசில் கழுத்துப்பட்டையில் கைக்கு எட்டும்படி இருக்க வேண்டும், பையின் அடியில் இருந்து பயனில்லை. கைத்தடியின் வாரை மணிக்கட்டிலிருந்து கழற்றிவிடுங்கள். விழப்போவது தெரிந்தால் தண்டையோ கிளையையோ கட்டிப்பிடியுங்கள், தலை மேலே இருந்தால் போதும். துணைவர் விழுந்துவிட்டால் காலைப் பிடித்து இழுக்காதீர்கள். தலை எங்கே இருக்கும் என்று கணித்துப் பக்கவாட்டிலிருந்து தோண்டி, முதலில் மூச்சுக்கு வழி செய்யுங்கள். மேலிருந்து தோண்டினால் நீங்களே அவர்மேல் பனியைக் கொட்டுவீர்கள்.

முதுகுப்பை | ஜனவரி 15, மாலை 5:48

பெரியவர்கள் உயிரைப் பற்றிப் பேசிக்கொண்டிருக்கும்போது ஸ்கின் பற்றிப் பேசலாமா என்று தெரியவில்லை. லிஃப்டிலிருந்து வருகிறவர்கள் முதல் நாளில் திணறுவது இதில்தான் என்பதால் சொல்கிறேன்.

ஸ்கின் ஒருகாலத்தில் சீல் தோல். இப்போது மொஹேர் (ஒரு வகை ஆட்டு ரோமம்), நைலான் அல்லது இரண்டும் கலந்தது. மொஹேர் வழுக்கிக்கொண்டு முன்னே போகும், நைலான் நன்றாகப் பிடிக்கும். முதல் தடவைக்குக் கலவை வாங்குங்கள். உச்சியில் உரித்ததும் பசைப் பக்கத்தில் பனி படாமல் மடித்து ஜாக்கெட்டுக்குள் வைத்துக்கொள்ளுங்கள். பையில் வைத்தால் பசை உறைந்து அடுத்த ஏற்றத்தில் ஒட்டாது. பாதி ஏற்றத்தில் ஸ்கின் கழன்று தொங்க, அதைப் பிளாஸ்டரால் சுற்றிக்கொண்டு நிற்பவரைப் பார்த்தால் சிரிப்பு வரும். அவருக்கு வராது.

காட்டில் ஏறும்போது கிளையிலிருந்து பனிக்கட்டி சட்டைக் கழுத்துக்குள் விழும், அதற்குத் தொப்பியை இழுத்துவிட்டுக்கொள்ள வேண்டும். ஆனால் தொப்பி போட்டால் வியர்க்கும். கிளம்பும்போது லேசாகக் குளிர வேண்டும், அப்போதுதான் அரை மணி நேரத்தில் சரியாக இருக்கும். ஏறும்போது காகிள்ஸ் (பனிக்கண்ணாடி) போடாதீர்கள், ஆவி படிந்து இறங்கும்போது குருடாவீர்கள். செங்குத்தான ஏறுதடத்தில் கிக் டர்ன் (நின்ற இடத்திலேயே ஒவ்வொரு ஸ்கீயாகத் தூக்கித் திரும்புவது) தெரியாவிட்டால் நண்பர்கள் போய்விடுவார்கள், நீங்கள் மரத்தைக் கட்டிக்கொண்டு நிற்பீர்கள். வீட்டருகே ஏதாவது மேட்டில் பழகிவிட்டுப் போங்கள்.

கீழைக்காற்று | ஜனவரி 15, இரவு 9:55

எல்லோருக்கும் நன்றி. மரக்குழி பற்றி லிஃப்ட் மலைகளில் எச்சரிக்கைப் பலகை பார்த்திருக்கிறேன், இவ்வளவு விவரமாகத் தெரியாது. ஆலங்கட்டி அக்கா எழுதியதை அப்படியே நண்பர்களுக்கு அனுப்பிவிட்டேன்.

அவர்கள் திட்டத்தை இன்றுதான் முழுதாகச் சொன்னார்கள். முதல் நாள் கானட் ஓடை வழியாகப் பாலு பாஸ் பக்கம். "பள்ளத்தாக்கின் அடியில் கிட்டத்தட்ட சமதளம், சாய்வே இல்லை, பழகுவதற்கு நல்ல இடம்" என்கிறார்கள். சரியா?

செல்கர்க்வாசி | ஜனவரி 16, காலை 6:22

பாலு என்ற பெயரைக் கேட்டுச் சொந்தக்காரர் வீடு என்று நினைத்துவிடாதீர்கள்.

2003 பிப்ரவரி 1 அன்று அதே கானட் பள்ளத்தாக்கில், அதே அடிமட்டத் தடத்தில், ஆல்பர்ட்டாவிலிருந்து வந்த ஒரு பள்ளிக் குழுவினர் 17 பேர் ஏறிக்கொண்டிருந்தார்கள். மாணவர்கள் 14, பெரியவர்கள் 3. பீக்கன், புரோப் (பனியில் குத்தித் தேடும் கம்பி), ஷவல் (மண்வாரி) எல்லாம் வைத்திருந்தார்கள். இடைவெளி விட்டுத்தான் நடந்தார்கள். சியாப்ஸ் மலையின் வடக்கு முகத்தில் மிக உயரத்தில் ஒரு பனிச்சரிவு தானாக உடைந்து பள்ளத்தாக்கின் அடிவரை வந்தது. மாணவர்கள் 7 பேர் இறந்தார்கள். எதிர்ச்சரிவில் ஏறிக்கொண்டிருந்த வழிகாட்டிகள் இருவர் அதைப் பார்த்துக் கத்தி எச்சரித்து, உடனே இறங்கி வந்து தோண்டியதால் பலர் பிழைத்தார்கள். சமதளத்தில் நின்றவர்களைத்தான் அது பிடித்தது. சாய்வைக் காலடியில் மட்டும் அளப்பவர்களுக்கு நான் சொல்வது இதுதான்: கானட் பள்ளத்தாக்கில் சாய்வு மேலே இருக்கிறது.

அதற்குப் பிறகுதான் கனடாவில் நிறைய மாறியது. ஒவ்வொரு வழித்தடத்தையும் அதன் நிலப்பரப்பின் ஆபத்தை வைத்து எளிது, சவாலானது, சிக்கலானது என்று பிரிக்கும் முறை 2004இல் வந்தது. பனி அன்றைக்கு எப்படி இருந்தாலும் இந்தப் பிரிவு மாறாது. உங்கள் நண்பர்கள் போகும் தடம் எந்தப் பிரிவு என்று கேட்டுப் பாருங்கள். உடனே பதில் வர வேண்டும்.

இடத்தின் பழைய கதையையும் சொல்லிவிடுகிறேன். 1910 மார்ச் 4 இரவு, தண்டவாளத்தை மூடிய ஒரு பனிச்சரிவை அள்ளிக்கொண்டிருந்த ரயில்வே தொழிலாளர்கள்மேல் எதிர்மலையிலிருந்து இன்னொன்று விழுந்து 58 பேர் இறந்தார்கள். அவர்களில் 32 பேர் ஜப்பானியர்கள். ரயில் கம்பெனி பாஸையே கைவிட்டு மலைக்கு அடியில் 8 கிலோமீட்டர் சுரங்கம் தோண்டி, 1916இல் அதற்குள் ஓடத் தொடங்கியது. 1962இல் நெடுஞ்சாலை திறந்தபோது மறுபடி மனிதர்கள் மேலே வந்தார்கள். சாலையைக் காப்பதற்கு இன்றும் கனடா ராணுவம் 105 மில்லிமீட்டர் பீரங்கியால் மலையைச் சுட்டுப் பனியை வேண்டுமென்றே இறக்குகிறது.

அதனால்தான் அனுமதிச் சீட்டு. சாலையை ஒட்டிய சில பகுதிகள் குளிர்காலம் முழுக்க மூடியிருக்கும். சில பகுதிகள் பீரங்கி சுடுவதைப் பொறுத்துத் தினமும் திறக்கும், மூடும். நிலவரம் காலையில் வெளியாகும். இப்படித் திறந்து மூடும் பகுதிகளுக்குள் போகக் குளிர்கால அனுமதி வேண்டும். ஆண்டு அனுமதிக்கு இணையத்தில் ஒரு சிறு தேர்வு எழுத வேண்டும். ஐந்து பேரும் தனித்தனியாக எடுக்க வேண்டும், ஒருவர் எடுத்தால் போதாது. "எல்லோருடைய தடமும் போகிறதே" என்று மூடிய பகுதிக்குள் நுழைகிறவர்கள் குண்டு விழும் இடத்தில் போய் நிற்கிறார்கள்.

நாலாம் கியர் | ஜனவரி 16, காலை 11:10

லாரி ஓட்டுகிறேன், ஸ்கீ தெரியாது. கால்கரியிலிருந்து ஏறக்குறைய 340 கிலோமீட்டர். வெயில் காலத்துக் கணக்கைப் போடாதீர்கள். சுடுவதற்காகச் சாலையை மூடினால் வரிசையில் நிற்க வேண்டியதுதான், சில நேரம் மணிக்கணக்காகும். குளிர்கால டயர் அங்கே சட்டப்படி கட்டாயம். போர்வை, தண்ணீர், சாப்பாடு காருக்குள் இருக்கட்டும். வழியில் கோல்டன் என்ற ஊரிலேயே டேங்கை நிரப்பிவிடுங்கள். இருட்டில் திரும்ப வேண்டாம்.

பொடிப்பனிப் பித்தன் | ஜனவரி 16, மதியம் 12:37

கானட் முதல் நாளுக்கு வேண்டாம் என்பதில் நானும் சேர்ந்துகொள்கிறேன். ட்ரீ ட்ரையாங்கிளுக்கும் இதையே சொல்லலாம் என்று அண்ணா வருவதற்குள் நானே சொல்லிவிடுகிறேன்: அந்தக் காட்டுக்குப் போகும் வழியில் பல பனிச்சரிவுத் தடங்கள் வந்து கூடும் குறுகலான இடம் இருக்கிறது. உள்ளூரில் அதற்கு எலிப்பொறி என்றே பெயர். காடு நல்லதாக இருந்தாலும் காட்டுக்குப் போகும் வழி நல்லதாக இருக்க வேண்டும்.

ஆனாலும் என் கட்சி மாறவில்லை. முதல் பயணத்துக்குக் காடுதான் சரி. சரியான காட்டை அடையாளம் காட்டச் சான்றிதழ் பெற்ற வழிகாட்டி ஒருவரை ஒரு நாளைக்கு அமர்த்துங்கள். ஐந்து பேர் பங்கிட்டால் தாங்கக்கூடிய செலவுதான். அவர் எங்கே போகவில்லை என்பதைக் கவனித்தாலே பாதிப் படிப்பு.

கீழைக்காற்று | ஜனவரி 17, இரவு 8:30

நண்பர்களிடம் பேசினேன். தடத்தின் பிரிவைக் கேட்டபோது இருவர் கைப்பேசியை எடுத்துத் தேடினார்கள். மற்ற இருவரும் பயிற்சி எடுத்தவர்களைப் பார்த்தார்கள். கொஞ்சம் மனத்தாங்கல்தான், ஆனாலும் வழிகாட்டிக்குச் சம்மதித்துவிட்டார்கள். அதற்கு முன் நானும் இன்னும் இருவரும் ஏ.எஸ்.டி. 1 முடிக்கிறோம், ஜனவரி கடைசி வாரத்தில் இடம் கிடைத்திருக்கிறது. பயணம் பிப்ரவரி மூன்றாம் வாரத்துக்குத் தள்ளிப் போகிறது.

கடைசிக் கேள்வி: பீக்கன் வாங்குவதா, வாடகைக்கு எடுப்பதா? நண்பர் ஒருவரிடம் பழைய அனலாக் ஒன்று சும்மா கிடக்கிறது, தருகிறேன் என்கிறார்.

செல்கர்க்வாசி | ஜனவரி 17, இரவு 9:04

அதை அலமாரியிலேயே விட்டுவிடுங்கள். எல்லாமே 457 கிலோஹெர்ட்ஸில் இயங்குவதால் பழையதும் கேட்கும், ஆனால் புதிதாகக் கற்கிறவர் ஒற்றை ஆன்டெனாவை வைத்துக்கொண்டு 10 நிமிடத்துக்குள் யாரையும் கண்டுபிடிக்க முடியாது. மூன்று ஆன்டெனா டிஜிட்டல் ஒன்றை வாடகைக்கு எடுங்கள், பயிற்சியிலும் பயணத்திலும் அதே மாடலாக இருக்கட்டும். ஆல்கலைன் பேட்டரி புதிதாகப் போடுங்கள். கைப்பேசியை அதிலிருந்து 20 சென்டிமீட்டராவது தள்ளி வைக்க வேண்டும், தேடும்போது 50. சூடேற்றும் பேட்டரிக் கையுறை இருந்தால் அதற்கும் இதே கணக்கு. ஷவல் உலோகத்தில் வாங்குங்கள், பிளாஸ்டிக் இறுகிய பனியில் வளைந்துவிடும்.

மூன்றாம் வாரத்துக்கு முன்னால் அறிக்கையை இன்றிலிருந்தே தினமும் படித்து வாருங்கள். இந்த வாரம் இங்கே வானம் தெளிந்து காற்றில்லாமல் இருக்கிறது, ஹோர் வளர்கிறது. அது எந்தத் தேதியில் புதைகிறது என்று குறித்துக்கொள்ளுங்கள், வழிகாட்டி முதலில் கேட்கப்போவது அதுதான்.